மகள் சேர்த்த பணம்: வீரரின் அறக்கட்டளைக்குக் கொடுக்கலாமா?

கூடைப்பந்து அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது, பள்ளி அணியில் ஆடுகிறாள். பிறந்தநாளுக்கு வந்தது, போட்டியில் பரிசாகக் கிடைத்தது என்று இரண்டு வருஷமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். மூடியில் அவளுக்குப் பிடித்த வீரரின் படம். பசை காய்ந்து ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது, ஆனாலும் மாற்ற விடமாட்டாள். இப்போது அந்தப் பணம் முழுவதையும் அவர் நடத்தும் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள்.

அவள் மாமா, அதாவது என் தம்பி, கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டான்: "கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவனுக்கு நீ எதுக்குக் காசு கொடுக்கணும்? அதெல்லாம் வரி மிச்சம் பிடிக்கிற வேலை." பிள்ளை ஒன்றும் பேசவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. நான் ஆயுள் முழுக்கச் சம்பாதிப்பதை ஒரே வாரத்தில் சம்பாதிப்பவர் அடுத்தவரிடம் கேட்கலாமா? கேட்டால் கொடுக்கலாமா? கொடு என்றாலும் வேண்டாம் என்றாலும், அவளிடம் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

இடதுகால்:

அக்கா, உங்கள் தம்பி எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துகிறார். நான் கால்பந்துப் பைத்தியம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செனகல் நாட்டு சாதியோ மானே பிறந்தது பம்பாலி என்ற சின்ன கிராமம். அவருக்கு 7 வயதானபோது அப்பா இறந்துபோனார். ஊரில் மருத்துவமனை கிடையாது. பின்னாளில் அதே ஊரில் சொந்தப் பணத்தில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார். இதில் எங்கே வரி மிச்சம்?

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டையும் பாருங்கள். சின்ன வயதில் பள்ளியில் இலவச மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்தவர். 2020 ஜூனில், 22 வயதில், கோடை விடுமுறையிலும் அந்த உணவு உதவி தொடர வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். முதலில் முடியாது என்ற அரசு மறுநாளே இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்குப் பயன். அந்த அளவுக்கு அவரால் கையிலிருந்து கொடுத்திருக்க முடியுமா? தன் பெயருக்கு இருந்த மரியாதையைச் செலவழித்தார். அதுவும் கொடைதான் அக்கா.

பழைய கணக்கர்:

சகோதரி, 30 வருஷம் தணிக்கை வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்விக்கு விளையாட்டுப் பக்கமிருந்து பதில் வராது, கணக்குப் புத்தகத்திலிருந்துதான் வரும்.

முதலில் தம்பி சொன்ன வரி விஷயம். அமெரிக்காவில் மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம். அந்த வரம்பில் இருப்பவர் 100 டாலர் கொடுத்தால், அதிகபட்சம் 37 டாலர் வரி குறையும். மீதி குறைந்தது 63 டாலர் அவர் கையைவிட்டுப் போனது போனதுதான். கொடுத்து யாரும் லாபம் பார்ப்பதில்லை. அந்தப் பேச்சை அதோடு விடலாம்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வீரர் பெயரில் நடந்த அறக்கட்டளையின் கணக்கை ஒரு முறை பார்த்தேன். ஒரு விருந்து, கையெழுத்திட்ட சட்டை ஏலம், அதில் வசூல். குழந்தைகளுக்கு 40 ஜோடி காலணி வாங்கிய பில் இருந்தது. அதே தேதியில் மேடைக்குப் பூ அலங்காரம் செய்த பில், காலணி பில்லைவிடப் பெரிய தொகை. இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருந்தார்கள். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த வீரர் ஒரு காசு திருடவில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும். பொறுப்பைச் சொந்தக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு ஆடப் போய்விட்டார். மனசு இருந்தது, நடத்தத் தெரிந்த ஆள் இல்லை.

இது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடப்பதும் அல்ல. 2013-ல் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி 115 வீரர்களின் அறக்கட்டளைகளை அலசியபோது, நான்கில் மூன்று பங்கு ஏதாவது ஒரு அடிப்படை அளவுகோலிலாவது தவறியிருந்தன.

அதனால் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: வீரரைப் பார்க்காதே, அவர் அறக்கட்டளை ஒரே வேலையை எத்தனை வருஷமாகச் செய்கிறது என்று பார். வாரிக் டன் என்று ஒருவர், கையில் பந்தை எடுத்து ஓடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர். அவர் அம்மா போலீஸ்காரர், தனியாளாக ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். சொந்த வீடு வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1993-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்த பிள்ளை டன்னுக்கு அப்போது 18 வயது, தம்பி தங்கைகளை அவர்தான் வளர்த்தார். 1997-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் வருஷமே, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் வீடு வாங்க முன்பணத்துக்கு உதவி, வீட்டுக்குள் சாமான்களும் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினார். ஆட்டத்தை விட்ட பிறகும் அந்த வேலையை விடவில்லை.

அமெரிக்க அறக்கட்டளை என்றால், வருஷா வருஷம் வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்கான படிவம் 990 பொதுவில் கிடைக்கும். வசூல் எவ்வளவு, வசூலிக்கவே ஆன செலவு எவ்வளவு, பொறுப்பில் இருப்பவர்களுக்கு என்ன சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். 14 வயதுப் பிள்ளைக்குப் புரியாத விஷயம் இல்லை.

இன்னொன்று. ராபர்டோ கிளமெண்டே என்ற பேஸ்பால் வீரர். 1972 டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். இவர் திரட்டி அனுப்பிய பொருட்கள் மக்கள் கைக்குப் போகாமல் நடுவில் மறைகின்றன என்று கேள்விப்பட்டு, அடுத்த விமானத்தில் தானே கிளம்பினார். அளவுக்கு மீறி பாரம் ஏற்றிய விமானம் டிசம்பர் 31 இரவு கடலில் விழுந்தது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் போன மனிதர். கணக்குப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அவர் மேல் தனி மரியாதை.

வார்டு 6:

நான் செவிலியர். கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நன்கொடையில் வந்த இயந்திரம் ஒன்று எங்கள் வார்டில் படுக்கை விரிப்பு போர்த்தி நின்றது. வாங்கப் பணம் வந்தது, பழுது பார்க்க வரவில்லை. கட்டடமும் இயந்திரமும் ஒரு தடவைச் செலவு. மாசா மாசம் சம்பளம், மருந்து, மின்சாரம் யார் தருவது என்று கேளுங்கள். கூடைப்பந்து வீரர் டிக்கெம்பே முடோம்போ தன் அம்மா பெயரில் காங்கோ நாட்டின் தலைநகர் கின்ஷாசாவில் 300 படுக்கை மருத்துவமனை கட்டி 2007-ல் திறந்தார். உள்நாட்டுக் கலவரத்தில் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் இழந்தவர். சொந்தப் பணத்தில் மட்டும் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் போட்டார். அப்படியும் மற்றவர்களிடம் போய்க் கேட்டார். பெரிய பணக்காரர் ஏன் கேட்கிறார் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். ஒரு மருத்துவமனையைத் தனி ஆளால் தாங்க முடியாது.

கூடைப்பந்து அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து அவளுக்குப் பிடித்த வீரரின் அறக்கட்டளைப் படிவத்தைத் தேடி எடுத்துப் படித்தோம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், அப்புறம் அவளே பென்சிலை எடுத்துத் தொகைகளுக்குக் கீழே கோடு போட ஆரம்பித்தாள். விருந்துச் செலவு பெரிதாக இல்லை. பயிற்சியாளர்களுக்கு வருஷா வருஷம் சம்பளம் போகிறது. மூன்று வருஷக் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள்.

ஒரு வரி மட்டும் எங்களுக்குப் புரியவில்லை, 'இதர செலவு' என்று ஒரு தொகை. அது என்ன என்று கேட்டு அவளே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். பதில் வரும் வரை டப்பா என் அலமாரியில். செவிலியர் அக்கா, அந்த மருத்துவமனையின் பெயரையும் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.