காலால் தோற்ற ஆட்டங்கள்: உங்களுக்கும் உண்டா?

கச்சான் காற்று:
பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இங்கேயாவது கொட்டிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் நடந்த குத்துச்சண்டை ஆட்டம். எதிரில் தங்கச்சிமடத்துப் பையன், ஒல்லி, கை நீளமும் கிடையாது. எனக்கு அப்போது வலது கை நல்ல கனம். பையைக் குத்தினால் உத்தரம் அதிரும். முதல் சுற்றிலேயே முடித்துவிடலாம் என்றுதான் ஏறினேன். மூன்று நிமிடமும் காற்றைத்தான் அடித்தேன். இரண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவதில் அவன் என்னை மூலைக்குக் கொண்டுபோனதே எனக்குத் தெரியவில்லை. முதுகில் கயிறு பட்டபிறகுதான் உறைத்தது. இடப்பக்கம் நழுவப் பார்த்தேன். இடப்பக்கம் போவதென்றால் இடது கால்தான் முதலில் போக வேண்டும், இது முதல் வாரப் பாடம். நான் வலது காலைத் தூக்கி இடது காலுக்குக் குறுக்கே போட்டுவிட்டேன். அந்த நொடியில் ஒரு ஜாப், முன்கையால் விடும் நேர்க்குத்து. அடி என்றுகூடச் சொல்ல முடியாது, கதவைத் தட்டுவது போல ஒரு தட்டு. பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். நடுவர் எட்டு வரை எண்ணினார். வலியே இல்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

அதுகூடப் போகட்டும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அடிப்பாகம் கண்ணில் பட்டது. பெருவிரலுக்குக் கீழே உள்துணி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. குதிகால் அன்றைக்குக் கடையில் வாங்கியது போல இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து என்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் முழுவதும் வழுக்கை, முன்பக்கம் புதிது. மூன்று வருடம் நான் என்ன பழகினேன் என்று அந்த ஷூ சொல்லிவிட்டது.

வேறு யாருக்காவது இப்படி?

தொண்டிக்காரன்:
என்னைத் தோற்கடித்தவர் குத்துச்சண்டைக்காரரே இல்லை. என் தாய்மாமா. கரைவலை இழுப்பவர், அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். கரையில் நாங்கள் பழகிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகக் கையுறையை மாட்டிவிட்டோம். "மாப்பிள்ளை, முகத்தில் மட்டும் வேண்டாம், ஏலத்துக்குப் போக வேண்டும்" என்றார். கைக்கு ஒன்றும் தெரியாது அவருக்கு. ஆனால் எனக்கு எட்டவே இல்லை! நான் ஓரடி போனால் அவர் ஓரடி தள்ளி இருப்பார், அதே இடைவெளி, அதே சிரிப்பு. வலைக்கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடந்தவர்களுக்குத் தெரியும்: பின்கால் முதலில் மணலைப் பிடிக்க வேண்டும், முன்கால் அதன்பிறகு வந்து சேர வேண்டும். ஒருவர் கால் பின்னினால் வரிசையே சரியும்.

மூச்சு வாங்கி நின்றபோது ஈரமணலைப் பார்த்தேன். மாமாவின் தடம் மாட்டுவண்டி போனது போல இரண்டு கோடு. என்னுடையது கோழி கிளறிய குப்பைமேடு. கால் பழக வேண்டுமா, மணலுக்கு வாருங்கள்.

சாயல்குடி சவுத்பா:
தொண்டிக்காரர் சொல்கிறார் என்று யாரும் கடற்கரைக்கு ஓடிவிடாதீர்கள். மணல் கெண்டைக்காலுக்கு நல்லது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. காய்ந்த மணலில் உந்தினால் பாதம் புதையும், உந்துதலில் பாதியை மணலே தின்றுவிடும். அதில் பழகிய கால் தரையிலும் தாமதமாகத்தான் கிளம்பும் என்பது என் எண்ணம். நாம் ஆடுவது கித்தான் விரித்த மேடையில், கயிற்றுக்கு உள்ளே 6.1 மீட்டர் சதுரத்தில்.

என் கதை சிறியது. நான் இடக்கையன். மதுரையில் ஒரு வலக்கையன் ஆட்டம் முழுவதும் என் முன்பாதத்தை மிதித்துக்கொண்டே இருந்தான். நடுவரிடம் முறையிட்டேன். "நீ ஏன் தம்பி அதைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறாய்?" என்றார்.

இடக்கையனுக்கு வலது கால் முன்னே, வலக்கையனுக்கு இடது கால். இருவரும் மோதினால் முன்கால்கள் நேருக்கு நேர் வரும். யாருடைய முன்பாதம் வெளிப்பக்கம் இருக்கிறதோ, அவருடைய பின்கைக்கு எதிராளியின் தாடை நேர்க்கோட்டில் கிடைக்கும். உள்ளே மாட்டியவர் தன் பின்கையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஆட்டத்தில் பாதி இந்த நான்கு அங்குலச் சண்டைதான். அடுத்து, முழங்காலை விறைப்பாக நிறுத்தாதீர்கள். பின்குதிகால் சற்று எழும்பியிருக்கட்டும், அது தரையில் ஒட்டினால் குத்து தோளோடு நின்றுவிடும். பின்காலின் விரல்பக்கம் உந்தி, இடுப்பு திரும்பி வந்தால்தான் கனம் ஏறும். இரண்டு காலையும் ஒருபோதும் சேர்த்து நிற்காதீர்கள். அடி சிறியதாக இருக்கட்டும். கயிறு தாண்டுவதை ஆட்டக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடம் தாண்டல், ஒரு நிமிடம் ஓய்வு. கணுக்கால்களுக்கு இடையே தோள் அகலத்துக்குத் துணிக்கயிறு கட்டிக்கொண்டு நகர்ந்து பாருங்கள். அடி அகலமானால் கயிறு இழுக்கும், ஒடுங்கினால் தரையில் தொய்யும். இதெல்லாம் புதிதும் அல்ல. நம் பக்கத்துச் சிலம்ப ஆசான்கள் கம்பைச் சுழற்றவிடும் முன் காலடியைத்தான் தேய்க்கவைக்கிறார்கள். உக்ரைனின் லோமசென்கோவை அவருடைய தந்தை சிறுவயதில் குத்துச்சண்டையை நிறுத்திவிட்டு நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பினார். அந்தப் பிள்ளைதான் பின்னால் 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியது. யாரும் கேட்காமல் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

கீழக்கரைப் பெரியவன்:
கால், கால் என்று எல்லோரும் உருகுகிறீர்கள். 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்து நின்று, அப்போதைய உலகச் சாம்பியன் ஃபோர்மேனைக் களைக்கும்வரை அடிக்கவிட்டு, எட்டாவது சுற்றில் வீழ்த்தினாரே. அங்கே எந்தக் கால் ஆடியது?

நான் அலியை நேரில் பார்த்தவன். 1980இல் சென்னைக்கு வந்து காட்சி ஆட்டம் ஆடினார். சாச்சா என்னை அழைத்துப்போனார். கடைசி வரிசை. முகம் தெரியவில்லை, கை எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. ஓர் உருவம் நகர்வது மட்டும் தெரிந்தது. கூட்டம் கூரை பிளக்கக் கத்தியது. அவருக்கு 38 வயது அப்போது. சாச்சா மட்டும் கைதட்டவில்லை. சற்றுநேரம் பார்த்துவிட்டு, "கால் போய்விட்டது" என்றார், மவுத்துச் செய்தி சொல்வது போல. ஊர் திரும்பும்வரை வேறு பேச்சில்லை.

பாம்பன் தங்கை:
பெரியவரே, உங்கள் சாச்சா சொன்னது உங்களுக்கே எதிராக இருக்கிறதே! கின்ஷாசாவில் அலி விரும்பியா கயிற்றுக்குப் போனார்? முதல் சுற்றிலேயே ஃபோர்மேன் வழியை மறிக்கத் தொடங்கிவிட்டார். அலி இரண்டடி வைத்துத் தப்பினால் ஃபோர்மேனுக்கு ஓரடி போதும். பதினைந்து சுற்று ஆட்டத்தில் 32 வயதுக் கால் அந்தக் கணக்குக்குத் தாங்காது என்று தெரிந்துதான் சாய்ந்தார்.

மறிக்கத் தெரியாமல் தோற்றவள் நான். மூன்று சுற்றும் ஒருத்தியைத் துரத்தினேன். அவள் ஓடக்கூட இல்லை, சந்தைக்குப் போவது போல நடந்தாள். நான் போய்ச் சேரும்போது அவள் பக்கத்தில் இருப்பாள், காதோரம் ஒரு குத்து விழும். கோச் தொண்டை கிழியக் கத்தினார்: "துரத்தாதே, மறி!" மறி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை. புள்ளியில் தோற்றேன்.

மறுநாள் அம்மா பாசி எடுக்கப் போகவில்லை, வீட்டில் ஆட்டை அடைத்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்குப் பின்னால் ஓரடிகூட வைக்கவில்லை. கருவேல முள்வேலியில் சந்து இருந்த பக்கம் குறுக்கே போய் நின்றார். ஆடு திரும்பியது. இந்தப் பக்கம் இரண்டடி. மறுபடி திரும்பியது. பட்டிக்குள் போய்விட்டது. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு. "அதற்கு நாலு கால், உனக்கு இரண்டு. பின்னால் ஓடினால் ஆகுமா?" என்றார்.

கீழக்கரைப் பெரியவன்:
சாய்வது என்று முடிவெடுத்தது புத்தி, மகளே, கால் அல்ல. நான் விடுவதாக இல்லை. ஆட்டுக்கதை மட்டும் நன்றாக இருந்தது. கச்சான் காற்று, அந்தத் தங்கச்சிமடத்துப் பையன் என்ன ஆனான்?

கச்சான் காற்று:
போன வருடம் மண்டபத்தில் பார்த்தேன். இரண்டு விசைப்படகுக்கு நடுவே போட்ட பலகையில் ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்து வந்துகொண்டிருந்தார். அலை தூக்கிப் போட்டது, பலகை ஒருசாண் எழும்பி இறங்கியது. பெட்டி அசையவில்லை. செருப்பில்லாத கால், குதி தரையில் படாமல் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன், முகத்தை வைத்து அல்ல. போய்ப் பேசினேன். ராமநாதபுரம், மூன்றாவது சுற்று, மூலை, ஜாப், எல்லாம் சொன்னேன்.

"எந்த ஆட்டம் அண்ணே?" என்றார்.

தொண்டிக்காரன்:
சவுத்பா அவர்களுக்கு: உங்கள் பதிவை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அறுபதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் சற்று மந்தம். காய்ந்த மணலில் யார் ஆடச் சொன்னது, நீர் வற்றும் நேரம் வரச் சொல், ஈரமணல் சிமெண்ட் போலக் கிடக்கும் என்கிறார். கித்தான்தான் வேண்டும் என்றால் வீட்டில் பழைய படகுப் பாய் ஒன்று இருக்கிறதாம், விரித்துத் தருகிறாராம். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்.