எட்டடி ஈட்டி, ஒட்டி நிற்கும் வரிசை: மேல்பிடியா, கீழ்ப்பிடியா?

மோல்மேன் கம்புக்காரன்

வணக்கம். ஊர் பர்மாவில் மௌலமியைன், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் மோல்மேன்தான். கோயில் பின்கட்டில் ஞாயிறுதோறும் பதினாறு பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாசம் ஒரு பொடியன் போனில் பழைய கிரேக்கப் படை படத்தைக் காட்டி, "வாத்தியாரே, இப்படிக் கேடயத்தோடு கேடயம் ஒட்டி நின்னா கம்பை எங்கே சுத்துறது?" என்றான். சுத்தவே முடியாது, குத்தத்தான் முடியும். எப்படிக் குத்தினார்கள் என்று பார்த்துவிடலாம் என இறங்கிவிட்டோம்.

ஈட்டிக்கு மியின்வா, அதாவது நம்ம கல்மூங்கில், எட்டடி. முனையில் சைக்கிள் டியூபும் பழைய கைலியும் சுற்றிய உருண்டை. கேடயம் மூணடி வட்டமாக அறுத்த பிளைவுட், மூணு வீசைக்குக் (பர்மா வீசை, ஒன்று சுமார் 1.6 கிலோ) கொஞ்சம் குறைவு. நிஜக் கேடயம் நாலு வீசையை ஒட்டி இருந்திருக்கும், பிள்ளைகள் தோள் பாவம். தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.

நாலு நாலு பேராக ரெண்டு வரிசை, எதிரே அதே மாதிரி. முதலில் கீழ்ப்பிடி: கை இடுப்போரம், கட்டைவிரல் முனையைப் பார்த்து. தனியாகக் குத்தினால் அருமை, மொத்த உடம்பும் கம்போடு போகிறது. வரிசையில் நின்றதும் நாறிப்போச்சு. கையைப் பின்னால் இழுத்தால் முழங்கை பின்வரிசைக்காரன் கேடயத்தில் டொக்கென்று இடிக்கிறது, கம்பின் அடி அவன் தொடையில் இறங்குகிறது. ஒருத்தன் ரெண்டு நாள் நொண்டினான். அவன் அம்மா என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அதுபோக, ஈட்டி வெளியே போக வேண்டுமென்றால் உன் கேடயத்துக்கும் வலப்பக்கத்தான் கேடயத்துக்கும் நடுவில் சந்து விட வேண்டியிருக்கிறது. எதிராளியும் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் குத்துகிறான்.

அடுத்து மேல்பிடி: கை காதுக்கு மேலே, சுண்டுவிரல் முனைப்பக்கம். கேடயச் சுவர் மூடியே இருந்தது. குத்து நேராகக் கழுத்துக்கும் முகத்துக்கும் போனது. ஆனால் அறுபது எண்ணுவதற்குள் கை தொங்கிவிட்டது. கம்பின் பின்பாதி பின்னால் நின்றவன் ஹெல்மெட்டில் தாளம் போட்டது.

இன்னொரு கூத்து. எந்தப் பிடி பிடித்தாலும் ரெண்டு அணியுமே வலது கைப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. எங்கள் அணி கிணற்றடிக்கே போய்விட்டது. நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன்?

பெகு வாசகன்

வலப்பக்கம் நகர்ந்தது தப்பு இல்லை வாத்தியாரே, நீங்கள் சரியாகச் செய்ததற்கு அதுதான் சாட்சி! கி.மு. 418 மாண்டினியா போரைப் பற்றி எழுதும்போது பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைத்தான் சொல்கிறார். கேடயம் இடக்கையில், வலப்பக்கம் திறந்து கிடக்கிறது. பயத்தில் ஒவ்வொருவனும் வலப்பக்கத்தில் நிற்பவன் கேடயத்துக்குள் ஒண்டப் பார்க்கிறான். ஆரம்பித்து வைப்பவன் வலக்கோடியில் நிற்பவன். அவனுக்கு ஒண்ட ஆள் இல்லையே. அந்தக் கோடியை அவர்கள் மரியாதைக்குரிய இடமாக வைத்திருந்ததும் சும்மா இல்லை.

மேல்பிடிக்கு எல்லாரும் சாட்சியாகக் காட்டுவது கீஜி குடுவை, போர் வரிசைப் படம் தீட்டிய பழைய கிரேக்கப் பானை. கி.மு. 650-640 வாக்கில் செய்தது, இப்போது ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீரர்கள் கையெல்லாம் தலைக்கு மேலேதான். ஆனால் இடது ஓரத்தில் ஒருவன் கவசம் மாட்டிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் ரெண்டு ஈட்டி, எறிவதற்கான கயிற்றுக் கண்ணியோடு. எறியப் போகிறவன் கையும் மேலேதானே இருக்கும்? பானையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் வரமாட்டேன்.

ரங்கூன் தச்சன்

அண்ணே, மூங்கிலின் தூர்ப்பக்கம் எந்தப் பக்கம் இருந்தது? முன்னால்தானே? சத்தியமாகத் தெரியும். பருத்த பக்கத்தில் உருண்டை கட்ட வசதி என்று கட்டியிருப்பீர்கள்.

திருப்புங்கள். கிரேக்க ஈட்டிக்கு முன்னால் இரும்பு அலகு, அடியில் கனமான வெண்கலக் கூர். அதற்குச் சௌரோட்டர் என்று பெயர், ஓணான்கொல்லி என்று அர்த்தம் சொல்வார்கள். அடிக்கனம் இருந்தால் கம்பு சமனாக நிற்கும் இடம் பின்னால் தள்ளிப்போகும், கையும் பின்னால் போகும். முன்னால் நீளம் கூடும், பின்னால் நிற்பவன் பிழைப்பான். கல்மூங்கிலில் தூர் பின்னால் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்குக் கால் வீசையில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை மாட்டுங்கள்.

கேடயத்துக்கு நடுவில் ஒற்றைக் கைப்பிடி வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். அவர்கள் நடுவில் ஒரு பட்டைக்குள் முன்கையை முழங்கை வரை நுழைத்து, விளிம்போரம் இருக்கிற பிடியை விரலால் பற்றினார்கள். கேடயம் குழிவாக இருந்ததால் மேல் விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். உங்கள் தட்டைப் பலகையில் அந்தச் சுகம் கிடைக்காது, ஆனாலும் டயர்வார் பட்டை அடித்தால் பாதி பாரம் முன்கைக்குப் போய்விடும்.

தட்டோன் தம்பி

ஏண்ணே ஒரே பிடியில் நிற்கணும்? நடந்து வரும்போது கீழ், மோதியதும் மேல் என்று மாற்றிக்கலாமே.

மோல்மேன் கம்புக்காரன்

தச்சரே, தூர் முன்னால்தான் இருந்தது. இருபது வருஷமாகக் கம்பு பிடிக்கிறவன், வெட்கமாக இருக்கிறது.

மழை விட்ட ஞாயிறு மறுபடி செய்தோம். குழாய்த் துண்டு மாட்டியதும் கை தானாகவே அடியிலிருந்து ரெண்டரை அடியில் போய் நின்றது. மேல்பிடியில் முனை கீழே இறங்கும்போது அடி மேலே ஏறிவிடுகிறது. பின்வரிசை ஹெல்மெட் தப்பித்தது. குத்துக்கு நடுவில் தண்டைக் கேடய விளிம்பில் சாய்த்து இளைப்பாறச் சொன்னேன், எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

கீழ்ப்பிடி நெருக்கத்தில் தேறவே இல்லை. ஆளுக்கு ஆள் ஒரு கை தூரம் விட்டுப் பார்த்தோம், அங்கே அதுதான் ராஜா: எட்டுகிறது, வேகமும் இருக்கிறது. ஒட்டி நின்றால் மேல், விலகி நின்றால் கீழ் என்பது என் கணக்கு. செத்துப்போவோம் என்ற பயமில்லாத பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, மாற்றிப் பிடிக்க உள்ளங்கையையே திருப்ப வேண்டும். வரிசையில் ரெண்டு பேர் ஈட்டியைக் கீழே போட்டார்கள், ஒருத்தன் பக்கத்தில் நின்றவன் காதைத் தட்டினான். நின்று, அடியை மண்ணில் ஊன்றி, கையை மாற்றினால் சுலபம். நடந்துகொண்டே முடியவில்லை.

கிணற்றடிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அடுத்த வாரம் வலக்கோடியில் அந்த நொண்டிய பையனை நிறுத்தப் போகிறேன், மரியாதைக்குரிய இடம் என்று வாசகர் சொன்னதை அவனிடம் சொல்லியும் விட்டேன். அவன் அம்மா பார்க்க வருகிறாராம்.