பருந்திடமிருந்து கோழிக்குஞ்சுகளைக் காப்பது எப்படி?

கேள்வி: வணக்கம். பெங்களூரில் எங்கள் வீட்டின் பின்புறம் நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். சென்ற வாரம் பட்டப்பகலிலேயே பருந்து 2 குஞ்சுகளைத் தூக்கிச் சென்றதிலிருந்து, தாய்க்கோழி குரலெழுப்பும் ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி: ஐயா, குஞ்சுகள் பெரிதாகும்வரை பஞ்சாரத்திலோ (கோழிகளை மூடி வைக்கும் கூடை), மேலேயும் வலை கட்டிய அடைப்பிலோ வைத்திருங்கள்.

மறுமொழி: எனக்குப் பருந்தைவிடக் கீரியால்தான் இழப்பு அதிகம். அறுகோணக் கண்களுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர எதிரியை வெளியே நிறுத்தாது என்பதால், அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு கம்பிவலையைத் தரைக்கடியில் ஓரடி புதைத்து அமையுங்கள். இரவில் கதவைத் தாழிடுவது மிக முக்கியம்.

மறுமொழி: பருந்துகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை, தயவுசெய்து பொறியோ விஷமோ வைக்காதீர்கள். இறைச்சிக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டுவதே அவற்றை ஈர்க்கிறது.

கேட்டவர்: மிக்க நன்றி. ஞாயிறன்றே கம்பிவலை வாங்குகிறேன்.