இரும்புக் கத்தி: தினமும் தேய்த்தும் காலையில் துரு, வாழைக்காயும் கறுக்கிறது

போன மாதம் சந்தையில் கொல்லர் அடித்த இரும்புக் கத்தி ஒன்று வாங்கினேன். பரங்கிக்காயை ஒரே அழுத்தில் பிளக்கிறது, ஸ்டீல் கத்தியில் இந்தக் கூர் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆனால் வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினால் கத்தியும் கறுக்கிறது, காயும் கறுக்கிறது. ராத்திரி புளியும் கம்பி நாரும் போட்டு வெள்ளி மாதிரி ஆகும்வரை தேய்த்துக் கழுவி, பாத்திரக் கூடையில் வைக்கிறேன். காலையில் பார்த்தால் பிடியை ஒட்டிச் செம்மண் தூவினது போலத் துரு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அந்தக் கறுப்பு உடம்புக்குக் கெடுதலா? தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்:
தம்பி, நீங்கள் தினமும் தேய்ப்பதால்தான் துரு வருகிறது. கறுப்பு வேறு, சிவப்பு வேறு. வாழைக்காயில் இருக்கிற துவர்ப்பு, அதாவது டானின், இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான்: கடுக்காயில் தோய்த்த துணிமேல், துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாற்றைத் தீட்டுவார்கள். கெடுதல் எதுவும் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. காயை நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், அவ்வளவாகக் கறுக்காது.

கத்திமேல் படிகிற அந்தச் சாம்பல் கறுப்பு இரும்புக்கு ஒரு தோல் மாதிரி. புளி துருவை எடுக்கும், கூடவே இந்தத் தோலையும் உரித்துவிடும். உரித்த இரும்பை ராத்திரி முழுக்க ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? கடைசியாக ஒருமுறை புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்துச் செந்துருவை மட்டும் எடுங்கள். அலசி, துணியால் அழுத்தித் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அப்புறம் கம்பி நார் வேண்டாம். நறுக்கி முடித்த கையோடு மெல்லிய நாரால் கழுவி உடனே துடைத்தால் போதும்.

இன்னொரு பதில்:
அக்கா சொன்னது சரி. பிடி ஓரத்தில் மட்டும் துரு வருகிறது என்றால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீர் இறங்கி நிற்கிறது. கத்தியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, அந்த இடுக்கில் தேன்மெழுகை உருக்கி ஊற்றுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுவென்று ஒட்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா?

பதில்:
வாய் நன்றாக மழுங்கிப் போனால் கொடுக்கலாம், ஆனால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். சக்கரத்தில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி விளிம்பு நீலம் பாரிக்கும். சுமார் 300 டிகிரி சூட்டில் அப்படி ஆகிறது. அந்த இடத்தில் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விடும், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே 1000 கிரிட் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்) தீட்டுக்கல்லை நனைத்து, கத்தியை 20 டிகிரி சாய்த்துத் தீட்டுவது எனக்குப் பிடித்த வழி. எதிர்ப்பக்கம் விரலை விளிம்பை நோக்கி மெல்லத் தடவினால் பிசிறு, அதாவது தீட்டும்போது விளிம்பில் மடிந்து நிற்கிற மெல்லிய இரும்பு, தட்டும். முழு நீளத்துக்கும் தட்டினால் மறுபக்கம் திருப்புங்கள்.

கேட்டவர்:
பன்னிரண்டு நாள் ஆயிற்று. அலகு முழுக்கச் சாம்பல் நீலமாகிவிட்டது, துரு இல்லை. இன்று நறுக்கிய வாழைக்காய் மோர்த் தண்ணீரில் வெள்ளையாகவே இருந்தது. பிடியில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி, அந்த இடத்தில் மெழுகு விரிசல் விட்டிருக்கிறது. நாளைக்கு வெயிலில் காயவைத்து மறுபடி ஊற்றப் போகிறேன்.