மவுண்ட் ரோடு எப்போது கடைத்தெரு ஆனது?

கேள்வி: துணி, நகை என்று எதற்கும் நாங்கள் போவது தி.நகர்தான். ஆனால் அந்தக் காலத்தில் சென்னையில் பெரிய கடை என்றாலே மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, என்கிறார் பெரியப்பா. அங்கே அப்படி என்ன இருந்தது?

பதில் 1: செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கு (செயின்ட் தாமஸ் மவுண்ட்) போகிற பாதை, அதனால்தான் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் குடியிருப்பு இந்தப் பக்கம் நகர நகர, கடைகளும் பின்னாலேயே வந்தன. புத்தகக் கடை ஹிக்கின்பாதம்ஸ் தொடங்கியது 1844, கடிகாரக் கடை பி. ஆர் அண்ட் சன்ஸ் 1849, பல சரக்கும் விற்ற பெரிய கடை ஸ்பென்சர் 1863. ஸ்பென்சரின் பழைய சிவப்புக் கட்டடம் 1980களில் தீப்பிடித்து எரிந்தது, இப்போதுள்ள ஸ்பென்சர் பிளாசா அதே இடத்தில் பிறகு எழுந்ததுதான்.

பதில் 2: பெரியப்பா சொல்வது சரி, ஆனால் பாதிதான். அவை துரைமாருக்கும் வசதியானவர்களுக்குமான கடைகள், சாமானிய ஜனம் அன்றும் ஜார்ஜ் டவுனில் சைனா பஜார், கொத்தவால்சாவடிப் பக்கம்தான் போயிருக்கும். தி.நகர் 1920களில் உருவான குடியிருப்பு, கடைத்தெரு ஆனது பிறகுதான். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறதே, ரயிலில் வந்து இறங்குகிற கூட்டத்துக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பதில் 3: படித்தது போதும், நேரில் போங்கள். ஹிக்கின்பாதம்ஸ் உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையைப் பாருங்கள், கட்டடம் 1904இல் கட்டியது. தபால் தலை சேகரிப்பவர்களுக்கான தபால் அலுவலகம் ஒன்று அதே சாலையில் உண்டு, அது ஒரு காலத்தில் எலக்ட்ரிக் தியேட்டர், 1913இலேயே படம் காட்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.