சின்ன ஆபீசுக்கு இன்வர்ட்டரே போதுமாம்! 10 மில்லிசெகண்ட் கதையை நம்பி ஏமாறாதீர்கள்

உச்சிப்புளி ஒயர்மேன்:
பழைய சைக்கிள் விற்பனை இழையில் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் புகுந்து, "சின்ன ஆபீசுக்கு யூபிஎஸ் வாங்குவது தண்டச் செலவு, வீட்டு இன்வர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டுங்கள், கரண்ட் போனதும் 10 மில்லிசெகண்டில் பேட்டரிக்கு மாறிவிடும், ரீஸ்டார்ட் ஆகவே ஆகாது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு ஆளாளுக்கு லைக் வேறு. இதைப் படித்துவிட்டு எவனாவது டேலி கணக்கு சாஃப்ட்வேர் ஓடுகிற கம்ப்யூட்டரை இன்வர்ட்டரில் மாட்டுவான், மார்ச் மாதக் கடைசியில் டேட்டா போய் நிற்பான், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு என் போன்தான் அடிக்கும். 10 மில்லிசெகண்ட் என்று எதை வைத்து அளந்தீர்கள்? அட்டைப்பெட்டியில் அச்சடித்ததைப் படித்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்யாதீர்கள்.

கீழக்கரை சிஸ்டம்:
எழுதியது நான்தான் அண்ணே, ஒளிந்துகொள்ளவில்லை. என் கடையில் நாலு கம்ப்யூட்டர். டிக்கெட் புக்கிங், பாஸ்போர்ட் விண்ணப்பம், ஆதார் பிரிண்ட் எல்லாம் ஓடுகிறது. மெயின் கரண்ட் மாதிரியே சீரான அலை தருகிற சைன்வேவ் இன்வர்ட்டர், 150 ஏ.எச். கொள்ளளவில் டியூபுலர் பேட்டரி ஒன்று. அவ்வளவுதான். கரண்ட் போனால் எதிரே உட்கார்ந்திருக்கிற கஸ்டமருக்குத் தெரியாது. ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆனதில்லை. 10 மில்லிசெகண்ட், கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

தங்கச்சிமடம் அக்கவுண்ட்ஸ்:
நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. நான் இறால் ஏற்றுமதிக்காரர்கள், படகுக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு மோடம். ஜூன் 14-ஆம் தேதி தடைக்காலம் முடிந்ததும் பில் குவிய ஆரம்பித்துவிடும், அதற்குள் ஏதாவது வாங்க வேண்டும். யூபிஎஸ்ஸா இன்வர்ட்டரா, எது என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணன்மாரே.

உச்சிப்புளி ஒயர்மேன்:
தங்கச்சி, சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த 10 மில்லிசெகண்டை முடித்துவிடுகிறேன். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் உடனே சாகாது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் எஸ்எம்பிஎஸ், அதற்குள் இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது கணக்கு. நம் ஊரில் கேபினட்டோடு இலவசமாக வருகிறதே, அது தாங்குமா? அதுவும் நாலைந்து வருடம் வெயிலில் வெந்து கெப்பாசிட்டர் தலை உப்பிப் போயிருக்கும். இன்னொன்று, கெப்பாசிட்டரில் தேங்குகிற சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வந்தால் ஒரு கணக்கு, சாயங்காலம் ஐஸ் பிளான்ட் மோட்டார் எல்லாம் ஓடும்போது 170 வந்தால் அதில் பாதிதான் மிஞ்சும், அந்தப் பாதியையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடியாது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் கீழக்கரை பாயின் 10 மில்லிசெகண்ட் எங்கே போய் நிற்கும்?

கீழக்கரை சிஸ்டம்:
எங்கேயும் போகாது, 10-லேயே நிற்கும். நீங்கள் சொன்ன 17-ஐவிட 10 சின்னதுதானே அண்ணே? இதற்கு எதற்கு இத்தனை பெரிய பாடம்? என் கடையில் ரீஸ்டார்ட் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லை.

மண்டபம் ரிட்டயர்டு:
தம்பிகளா, ஒரு சின்ன விஷயம். இன்வர்ட்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று. பாய் எதில் வைத்திருக்கிறார்? யூபிஎஸ் மோடில் என்றால் அந்த 10 சரிதான். நார்மல் மோடில் மாறுவதற்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். இரண்டு பேரும் வேறு வேறு மோடைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

உச்சிப்புளி ஒயர்மேன்:
"ஆகவில்லை என்றால் ஆகவில்லை" என்பது வாதமா பாய்? என் கஸ்டமர் ஒருவர் தேவிபட்டினத்தில் இருக்கிறார், ஊர் மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவரும் இதே கையேடு, இதே 10 மில்லிசெகண்ட். கரண்ட் போனால் மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு தாங்கிவிடும், ஒன்று மட்டும் மெனக்கெட்டு ரீஸ்டார்ட் ஆகும். போய்க் கழற்றிப் பார்த்தால் அந்த ஒன்றில்தான் எஸ்எம்பிஎஸ் பழசு. ஒரே இன்வர்ட்டர், ஒரே ஒயர், ஒரே நேரம். உங்கள் கடையில் தாங்கியது என்றால் உங்கள் எஸ்எம்பிஎஸ் நல்லது என்றுதான் அர்த்தம், இன்வர்ட்டர் நல்லது என்று அர்த்தம் இல்லை.

கீழக்கரை சிஸ்டம்:
அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்லுங்கள், எதற்கு யூபிஎஸ் விற்கிறீர்கள்? உங்கள் 600 வி.ஏ. யூபிஎஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி. பைக் பேட்டரி அளவுதான். புதுசில் ஒரு கம்ப்யூட்டருக்குக் கால் மணி நேரம் தாங்கும், ஒரு கோடை கழிந்தால் அதுவும் குறையும், இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும். மூன்று கம்ப்யூட்டருக்கு மூன்று யூபிஎஸ், மூன்று பேட்டரி, மாற்றுவதற்கு மூன்று தடவை கூலி. யாருக்கு லாபம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரு பேட்டரி, 300 வாட் இழுத்தாலும் மூன்றரை மணி நேரம் வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்டை நிறுத்தினால் உங்கள் யூபிஎஸ் என்ன செய்யும்? கீ கீ என்று கத்தும்.

பாம்பன் உப்புக்காற்று:
நீங்கள் மில்லிசெகண்டுக்கு அடித்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் பேட்டரியைக் கொல்வது காற்று. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, ஒயர் நுனியில் இருக்கிற லக்கைத் தொட்டால் கையோடு வருகிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, காய்ந்தபிறகு வாசலின் களிம்பு தடவ வேண்டும். இதைச் செய்யாதவன் யூபிஎஸ் வாங்கினால் என்ன, இன்வர்ட்டர் வாங்கினால் என்ன?

உச்சிப்புளி ஒயர்மேன்:
வாசலின் எல்லாம் சரி, ஆனால் லக்கை முறுக்கியபிறகுதான் தடவ வேண்டும். பாதிப் பேர் முதலில் தடவிவிட்டு அப்புறம் முறுக்குகிறார்கள்.

பாம்பன் உப்புக்காற்று:
முதலில் லேசாகத் தடவினாலும் ஒன்றும் ஆகாது, முறுக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும். எனக்குப் படகு பேட்டரியில் பழக்கம். உச்சிப்புளியில் இருந்துகொண்டு கடல்காற்றைப் பற்றி எனக்குச் சொல்கிறீர்களே.

உச்சிப்புளி ஒயர்மேன்:
உச்சிப்புளிக்கு இரண்டு பக்கமும் கடல்தான் அய்யா, மேப்பை எடுத்துப் பாருங்கள்.
கத்துகிறது என்றாரே பாய், அதற்கு வருகிறேன். கத்துவதற்காகத்தான் அதை வாங்குவது! கத்தினால் சேவ் பண்ணிவிட்டு மூடு என்று அர்த்தம். மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு இல்லை அது. கரண்ட் போகிற அந்த நொடியில் ஃபைல் சாகாமல் இருப்பதற்கு. அந்த நொடிதான் முக்கியம். அந்த நொடியில் உங்கள் 10 மில்லிசெகண்டை நம்பி நான் ஒருத்தருடைய வருடக் கணக்கை வைக்க மாட்டேன்.

கீழக்கரை சிஸ்டம்:
உங்கள் லைன் இன்டராக்டிவ் என்கிற சாதாரண யூபிஎஸ்ஸும் ரிலே சுவிட்சில்தான் மாறுகிறது. அதன் அட்டையில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 4 முதல் 8. சிலதில் 10! அதே 10! நீங்கள் விற்றால் பத்து நல்ல பத்து, நான் சொன்னால் கெட்ட பத்தா?

தொண்டிக்கரை:
ஹாஹா, பாய் அடித்தார் பாருங்கள்.

உச்சிப்புளி ஒயர்மேன்:
தொண்டிக்கரை, நீங்கள் போன மாதம் ஸ்டெபிலைசர் விஷயத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை மறந்துவிட்டீர்களா?
பாய், நான் "விற்கிறேன்" என்று இரண்டாவது தடவை எழுதுகிறீர்கள். நான் கடை வைத்திருக்கவில்லை, ஒயரிங் செய்கிறேன், கஸ்டமர் வாங்கித் தருவதை மாட்டுகிறேன். பேட்டரி எக்ஸ்சேஞ்ச் போர்டு தொங்குவது யார் கடை வாசலில் என்று கீழக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ரிலே கணக்குக் கேட்டீர்கள். மாறவே கூடாது என்றால் ஆன்லைன் யூபிஎஸ். அதில் கம்ப்யூட்டர் எப்போதும் இன்வர்ட்டர் பக்கத்திலிருந்துதான் ஓடும், மெயின்ஸ் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலை இல்லை. பூஜ்யம் மில்லிசெகண்ட். பத்து அல்ல. பூஜ்யம்.

கீழக்கரை சிஸ்டம்:
மூன்று கம்ப்யூட்டருக்கு ஆன்லைன் யூபிஎஸ்! அதன் விசிறி ராத்திரி பகல் இரைந்துகொண்டே இருக்கும், விலையைக் கேட்டால் கம்ப்யூட்டரே ஒன்று வாங்கலாம். வாசலில் போர்டு இருப்பது உண்மைதான், உழைத்துச் சம்பாதிக்கிறேன், அதற்கு என்ன? வந்த கஸ்டமரிடம் தேவையில்லாததைத் தலையில் கட்டியது கிடையாது.

மண்டபம் ரிட்டயர்டு:
மறுபடியும் கேட்கிறேன். மோட் எது? ஏனென்றால் யூபிஎஸ் மோடில் வைத்தால் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்ததுமே பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் ஊரில் மெயின்ஸ் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோய், நிஜமாகக் கரண்ட் போகும்போது ஒன்றும் இருக்காது. அதற்குப் பயந்து பலர் நார்மல் மோடுக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. சண்டையே இந்த சுவிட்சில்தான் இருக்கிறது.

தொண்டிக்கரை:
சண்டை சுவிட்சில் இல்லை சார், கரண்டில் இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார், 2016-லேயே வந்துவிட்டது, இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர். நம் மாவட்டத்து வெயில், நம் மாவட்டத்து நிலம். நாம் இங்கே 7 ஏ.எச். பேட்டரிக்கு அடித்துக்கொள்கிறோம்.

பாம்பன் உப்புக்காற்று:
அது 400 கே.வி. லைனில் போகிறது, உங்கள் வீட்டுக் கம்பத்துக்கு நேரே ஒயர் இழுத்தா கொடுப்பார்கள்? எதையும் எதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

தொண்டிக்கரை:
நான் ஆதங்கத்தைச் சொன்னேன், நீங்கள் வாசலின் தடவுங்கள்.

தங்கச்சிமடம் அக்கவுண்ட்ஸ்:
அண்ணன்மாரே, பிரிண்டரை எதில் மாட்டுவது?

உச்சிப்புளி ஒயர்மேன்:
எதிலும் மாட்டாதே தங்கச்சி, நேரே சுவரில் மாட்டு. லேசர் பிரிண்டர் சூடாகும்போது பல நூறு வாட் ஒரே இழுப்பாக இழுக்கும். 600 வி.ஏ. என்று போட்டிருக்கிற யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், பிரிண்ட் கொடுத்ததும் ஓவர்லோடு என்று அலறும். மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது, சின்னப் பெட்டி, அதை வாங்கிக்கொள். கம்ப்யூட்டருக்கு என்னைக் கேட்டால் இன்வர்ட்டரும் வேண்டும், அதற்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் யூபிஎஸ்ஸும் வேண்டும். நீண்ட நேரத்துக்கு அது, அந்த நொடிக்கு இது. இன்வர்ட்டர் சைன்வேவாக இருக்க வேண்டும், ஸ்கொயர்வேவ் என்றால் யூபிஎஸ் அதைக் கரண்டாகவே ஒத்துக்கொள்ளாது, டக் டக் என்று மாறி மாறி அடித்துத் தன் பேட்டரியைத் தானே தீர்த்துக்கொள்ளும். டியூபுலர் பேட்டரியைக் கம்ப்யூட்டர் இருக்கிற ஏ.சி. அறையில் வைக்காதே, சார்ஜ் ஏறும்போது வாயு வரும், காற்றோட்டம் வேண்டும்.

கீழக்கரை சிஸ்டம்:
ஆக இன்வர்ட்டர் வேண்டும்! எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணன் வாயாலேயே வந்துவிட்டது. இதைத்தான் நான் சைக்கிள் இழையில் சொன்னேன்.

உச்சிப்புளி ஒயர்மேன்:
நீங்கள் சொன்னது "யூபிஎஸ் தண்டச் செலவு." அந்த வரியை நான் எடுத்து வைத்திருக்கிறேன், அழித்தாலும் என்னிடம் இருக்கிறது. போகட்டும், சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் உங்கள் கடைக்கு வருகிறேன். மெயின் சுவிட்சை நான் இறக்குகிறேன். வோல்டேஜ் 170-ல் இருக்கும்போது இறக்குகிறேன். 10 மில்லிசெகண்டா இல்லையா என்று கடைத்தெருவே பார்க்கட்டும்.

கீழக்கரை சிஸ்டம்:
தாராளமாக வாருங்கள், டீ என் செலவு. ஆனால் இடுப்பில் தொங்குகிற மல்டிமீட்டரோடு வராதீர்கள், அதில் மில்லிசெகண்ட் தெரியாது. அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப் கொண்டு வாருங்கள்.

உச்சிப்புளி ஒயர்மேன்:
10 என்று சொன்னது நீங்கள். ஆசிலோஸ்கோப்பை நீங்கள் கொண்டு வாருங்கள்.

கீழக்கரை சிஸ்டம்:
இல்லை என்று சொன்னது நீங்கள். நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்.

மண்டபம் ரிட்டயர்டு:
அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துப் போட்டாலே போதுமே தம்பி.

உச்சிப்புளி ஒயர்மேன்:
சார், நடுவில் வராதீர்கள். பாய், பரமக்குடி பாலிடெக்னிக்கில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், ஆசிலோஸ்கோப் கேட்டுப் பார்க்கிறேன். வாடகை பாதிப் பாதி.

கீழக்கரை சிஸ்டம்:
பாதி எதற்கு? தோற்கிறவர் முழுசாகக் கொடுக்கட்டும்.