121 தோல்விக்குப் பிறகு யார் மிச்சம்? (செப்டம்பர் ஆட்டம் பார்த்த அனுபவங்கள்)

சிகாகோ புறநகரிலிருந்து:

2025 சீசன் முடிந்தது. எங்கள் சிகாகோ பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸுக்கு 60 வெற்றி, 102 தோல்வி. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக நூறு தோல்வியைத் தாண்டியாச்சு. "இந்த அணி மேல நம்பிக்கை வந்திருக்கு" என்று சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

2024 செப்டம்பர் 24-ஆம் தேதி நான் மைதானத்தில் இருந்தேன். அன்றைக்கு அணி 120 தோல்வியில் நின்றது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் வைத்த அதே கணக்கு. இன்னும் ஒன்று தோற்றால் நவீன பேஸ்பாலில் அதிகம் தோற்ற அணி என்ற பெயர் வந்துவிடும். உண்மையைச் சொன்னால், நான் போனதே அதைப் பார்க்கத்தான். ரெட் லைன் ரயிலில் வந்த பலரும் அதே எண்ணத்தில்தான் இருந்தார்கள். நடுவில் "அணியை விற்றுவிடு" என்று முதலாளியை நோக்கிக் கோஷம் வேறு.

ஒன்பது இன்னிங்ஸில் ஏழு வரை எதிரணி ஏஞ்சல்ஸ் 2-0 முன்னிலை. அந்த வருடம் ஏழு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த எந்த ஆட்டத்தையும் ஒயிட் சாக்ஸ் ஜெயித்ததே இல்லை. சரி, கதை முடிந்தது என்று எழுந்திருக்கத் தயாரானேன். எட்டாவதில் மூன்று ரன்! எங்கள் ஆட்டக்காரர் பெனின்டெண்டியின் அடியில் முன்னிலை, கடைசியில் 3-2 வெற்றி. கைதட்டுவதா, ஏமாந்துபோவதா என்று தெரியாமல் பக்கத்துச் சீட்டுக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொந்த அணி ஜெயித்ததற்கு வருத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல். அடுத்த இரண்டு நாளும் ஜெயித்தார்கள். 121-ஆவது தோல்வி 27-ஆம் தேதி டெட்ராய்ட்டில். அதே ஆட்டத்தில் அந்த ஊர் அணி டைகர்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

24-ஆம் தேதி ஆட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போது போனில் ஒரு பட்டியல் போட்டேன்: இந்தப் பசங்களில் இரண்டு வருடம் கழித்து யார் இங்கே இருப்பார்கள்? பிட்சர் (பந்துவீச்சாளர்) கேரட் குரோஷே இருக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். 146 இன்னிங்ஸில் 209 ஸ்டிரைக் அவுட் எடுத்தவரை, தோற்கிற அணி எத்தனை நாள் வைத்திருக்கும்? டிசம்பரிலேயே பாஸ்டனுக்குப் போய்விட்டார். பதிலுக்கு நான்கு இளைஞர்கள் வந்தார்கள். அதில் கைல் டீலும் சேஸ் மைட்ரோத்தும் 2025-லேயே அணிக்குள் வந்துவிட்டார்கள்.

ஆனால் என் பட்டியலில் ஷான் பர்க் என்ற பெயரே இல்லை. அவர் முதல் ஆட்டம் ஆடி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டிவியில் அவர் பந்துவீச வந்தபோது காபி போட எழுந்துபோனவன் நான். 2025-இன் முதல் நாள் ஆட்டத்தைத் தொடங்கியது அவர்தான். அதே ஏஞ்சல்ஸுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

இப்படித் தோற்கிற அணியின் கடைசி மாத ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? சொல்லுங்கள்.

ஷார்லட்டிலிருந்து:

நான் பார்த்தது மைனர் லீகில். உங்கள் ஒயிட் சாக்ஸின் டிரிபிள்-ஏ (மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே) அணி எங்கள் ஊர் நைட்ஸ்தான். ஆபீஸிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் மைதானம். 2024-இல் கோல்சன் மாண்ட்கோமரியைப் பார்க்கவென்றே நாலைந்து முறை போனேன். பெரிய எதிர்பார்ப்பு வைத்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), ஆனால் அந்த வருடம் அடிக்கும் சராசரி வெறும் .214. நான் போன நாளெல்லாம் மட்டையைச் சுற்றிவிட்டுத் தலைகுனிந்து திரும்பினார். மேலே 121 தோற்கிற அணிகூடச் செப்டம்பரில் அவரைக் கூப்பிடவில்லை. 2025 ஏப்ரலில் அடிக்கும் முறையைத் திருத்த அரிசோனா முகாமுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுதான், போச்சு என்று நானும் கைகழுவிவிட்டேன்.

ஜூலை 4-ஆம் தேதி மேலே போனார். 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன். இனி நான் யாரைப் பற்றியும் கருத்துச் சொல்வதாயில்லை.

சென்னையிலிருந்து:

பேஸ்பால் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் 2025 ஐபிஎல்லில் சிஎஸ்கே கடைசி இடத்துக்குப் போன பிறகு 17 வயசு ஆயுஷ் மாத்ரேக்காகவும் பிரெவிஸுக்காகவும் மட்டும் டிவி போட்டவன் என்ற முறையில் நீங்கள் சொல்வது நன்றாகவே புரிகிறது. ஒரு சந்தேகம்: அங்கே அதிகம் தோற்றால் அடுத்த வருடம் நல்ல பையனை முதலில் எடுக்கலாமாமே? அப்படியென்றால் 121 தோல்விக்கு முதல் ஆள் கிடைத்திருக்குமே?

சிகாகோ புறநகரிலிருந்து:

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள் நண்பரே. முன்பு அப்படித்தான் இருந்தது. அணிகள் புது இளைஞர்களை வரிசைப்படி எடுக்கும் டிராஃப்டில், 2023-லிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். பெரிய ஊர் அணிகளுக்கு அடுத்தடுத்த ஆண்டு குலுக்கலில் இடம் கிடையாது. 2024-இல் ஐந்தாவதாக ஹேகன் ஸ்மித்தை எடுத்துவிட்டதால், 121 தோற்ற பிறகும் 2025-இல் பத்தாவது இடம்தான் கிடைத்தது. பில்லி கார்ல்சன் என்ற ஷார்ட்ஸ்டாப்பை எடுத்திருக்கிறார்கள்.

ஹூஸ்டனிலிருந்து:

முதல் ஆள் கிடைத்தால் மட்டும்? எங்களைக் கேளுங்கள் அண்ணே. 2013-இல் எங்கள் ஊர் ஆஸ்ட்ரோஸ் 111 தோற்றது, அதில் கடைசி 15 ஆட்டம் வரிசையாக. செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு டிவி ரேட்டிங் 0.0 என்று வந்தது. அதாவது ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று கணக்கு. கடைசி வாரம் நியூயார்க் யாங்கீஸ் வந்தபோது நான் போனேன். எங்கள் ஆட்களைப் பார்க்க இல்லை, அவர்களுடைய பிட்சர் ஆண்டி பெட்டிட்டின் கடைசி ஆட்டத்துக்காக. இந்தப் பக்கத்து ஆள்தானே அவர். முழு ஆட்டமும் தானே வீசி 2-1 என்று எங்களைத் தோற்கடித்துவிட்டு விடைபெற்றார். மைதானமே எழுந்து நின்று தட்டியது, நான் உள்பட.

அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த மார்க் அப்பெல் எங்களுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த ஆண்டு முதலில் எடுத்த பிராடி ஏக்கன் ஒப்பந்தமே போடவில்லை. அதற்கு ஈடாக 2015-இல் கிடைத்த இடத்தில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். 2017-இல் கோப்பை. (எதிரணியின் சைகைகளைத் திருடிக் குப்பைத்தொட்டியைத் தட்டிச் சொன்ன கதையை யாரும் ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ்.)

எனக்கு உறுத்துவது வேறு. 2013 அணியில் ஜே.டி. மார்ட்டினெஸ் என்று ஒருவர் இருந்தார். சாதாரண ஆட்டக்காரர், போனால் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். 2014 மார்ச்சில் ஆஸ்ட்ரோஸ் அவரைச் சும்மாவே விடுவித்தது. அடிக்கும் முறையை மாற்றிக்கொண்டு டெட்ராய்ட்டுக்குப் போனார். அப்புறம் அவர் அடித்துத் தள்ளியது எல்லாருக்கும் தெரியும். அதே 2013 அணியில் ஆடிய அல்டுவே ஆஸ்ட்ரோஸிலேயே நிலைத்துவிட்டார். அந்த வருடம் இரண்டு பேரையும் ஒரே சீட்டிலிருந்து பார்த்த எனக்கு எதுவும் தெரியவில்லை.

சிகாகோ புறநகரிலிருந்து:

இதைப் படித்துவிட்டு 2025-க்கான என் பட்டியலைத் திறந்தேன். டீல், மைட்ரோத், மாண்ட்கோமரி, கேட்சர் எட்கர் குவேரோ, பிட்சர் ஷேன் ஸ்மித், அப்புறம் 2025-இல் மேலே வராத நோவா ஷுல்ட்ஸ். கீழே ஒரு பெயரை அடித்து வைத்திருந்தேன். இப்போது திரும்ப எழுதிவிட்டேன். யாரென்று அடுத்த செப்டம்பரில் சொல்கிறேன்.